மூத்தவன் விழவில்லை

பிப்ரவரி 3, திங்கட்கிழமை

விண்வெளி வானிலை மையத்தின் துணை இயக்குநர் அவர்களுக்கு,

ஜனவரி 28 தேதியிட்ட தங்கள் அழைப்பிதழ், 29ஆம் தேதி முத்திரையுடன், இன்று முற்பகல் வந்து சேர்ந்தது. பிப்ரவரி 14 அன்று பழைய கணினி அறைக்குப் பிரியாவிடை அளிக்கவிருப்பதாகவும், அந்த அறையை முப்பத்தொரு ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றும் அதில் கண்டேன்.

சூரியனிலிருந்து கிளம்பும் புயல் பூமியை எப்போது, எவ்வளவு வலுவாக வந்து தாக்கும் என்று கணக்கிடும் நம் மென்பொருள் முதன்முதலில் ஓடிய நாள் செப்டம்பர் 21 என்று அச்சாகியிருக்கிறது. தவறு. செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. புயல் வரும் நாளைச் சொல்ல வேண்டிய அலுவலகம், போன நாளையே புரட்டிப் போட்டிருப்பது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை.

நான் வரவில்லை. ஜனவரி 11 அன்று, என் வீட்டில், என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பழைய கணினியைப் பற்றி, "அத்தான், அது மெஷினே இல்ல, ஐ.சி.யு. நோயாளி. நீங்கதான் டியூபைப் பிடுங்க விடமாட்டேங்கறீங்க" என்று சொன்னவருக்கு என் பேச்சு எதற்கு? அதற்கு நான் சொன்ன பதிலும் நினைவில் இருக்கிறது. திரும்பப் பெறவில்லை.

தங்கள் அக்காவின் நிலை கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். நுரையீரல் அப்படியேதான். ஆக்சிஜன் மெஷின் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும் என்று டாக்டர் ஜனவரி 30 அன்று சொல்லிவிட்டார். மின்சாரம் போனால் சமாளிக்க இரண்டு சிறிய சிலிண்டர்கள் வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் பத்து மணி நேரம் வரும். இங்கே மின்சாரம் அதற்குமேல் போனதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் கணிப்பாளர்


பிப்ரவரி 9, ஞாயிறு

அத்தானுக்கு,

"துணை இயக்குநர் அவர்களுக்கு" என்று பார்த்ததும் யாரோ புகார் மனு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் தபால் பிரிவுக்கே திருப்பி அனுப்ப இருந்தேன். கையெழுத்தைப் பார்த்துத்தான் பிரித்தேன். என்னை எப்போது "தங்கள்" ஆக்கினீர்கள்? பாவாடை கட்டிய வயதில் உங்கள் சைக்கிளைச் சாக்கடையில் தள்ளியவள் நான். அப்போதுகூட "கழுதை" என்றுதான் திட்டினீர்கள்.

போன் செய்தால் எடுப்பதில்லை. அக்காவின் கைபேசியையும் நீங்களே வாங்கிப் பார்த்துவிட்டு அணைக்கிறீர்களாம். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால் பெட்டியா? எனக்கு மூச்சு விடவே நேரம் பத்தல" என்று ஒரு நாள் பக்கத்து வீட்டு டீச்சர் போனிலிருந்து பேசினாள். ஆகவே கடிதம்.

நோயாளி என்று சொன்னது தப்புதான். ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். குளிரூட்டி வாரத்துக்கு இருமுறை நிற்கிறது. உதிரி பாகம் செய்த கம்பெனியே இப்போது இல்லை. கடந்த மழையில் கூரை ஒழுகி, சர்வர் தலையில் பிளாஸ்டிக் வாளி வைத்தோம். எத்தனை நாள் வாளியை நம்புவது?

கிளவுட் என்றால் நீங்கள் நினைப்பதுபோல் ஆகாயத்தில் தொங்குவது அல்ல. எங்கோ பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள். வேண்டும்போது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம், வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறோம். உங்கள் அறையில் ஆறு மணி நேரம் ஓடிய கணக்கு அங்கே இருபது நிமிடத்தில் முடிகிறது. நீங்கள் எழுதிய ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வைத்ததுபோல் வைத்திருக்கிறோம்.

ஒன்று கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். உங்கள் மென்பொருளை அக்கா "உங்க மூத்த பிள்ளை" என்று கேலி செய்வாளே, அந்த மூத்தவன், கிளவுடுக்குப் போன நாளிலிருந்து ஒருமுறைகூட விழவில்லை. உள்ளே ஏதாவது தடுக்கினாலும் யாரும் தொடாமல் தானாகவே எழுந்து ஓடும்படி செய்திருக்கிறேன். புயலிலிருந்து மின்கம்பிகளையும் டிரான்ஸ்பார்மர்களையும் காக்க வேண்டிய மின்கட்டுப்பாட்டு அறைக்கு அறிக்கை குறித்த நிமிடத்தில் போய்விடுகிறது. மூன்று மாதங்களாகத் தாமதமே கிடையாது.

14ஆம் தேதி வாருங்கள். வந்து திட்டுங்கள். மைக் தருகிறேன்.

உங்கள் சின்னவள்


பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை

துணை இயக்குநருக்கு,

9ஆம் தேதிக் கடிதம் 13 அன்று கிடைத்தது. 14 அன்று நான் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

"ஒருமுறைகூட விழவில்லை" என்று எழுதியதன் உட்குத்து எனக்குப் புரியாமலில்லை. என் காலத்தில் அது விழுந்தது உண்மை. முப்பத்தொரு ஆண்டுகளில் ஐந்து முறை. தேதிகள் கேட்டால் சொல்வேன், கேட்கமாட்டாய். சூரியக் காற்றின் வேகமும் அழுத்தமும் ஒரு எல்லையைத் தாண்டினால், எண்கள் ஒன்றையொன்று விழுங்கி, கணக்கு நடுவழியில் நின்றுவிடும். அதைச் சீராக்க நான் பட்ட பாடு உன் அக்காவுக்குத் தெரியும். "பெத்த பிள்ளையா இருந்தா இந்நேரம் ஸ்கூல்ல சேத்திருப்பேன்" என்பாள்.

ஆனால் விழுந்த எந்த முறையும் நாங்கள் வாளாவிருக்கவில்லை. அறிக்கை வராமல் காத்திருப்பார்களே என்று, மறுபடி ஓட்டுவதற்கு முன்பே, மின்கட்டுப்பாட்டு அறைக்கு நானே தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். "மன்னிக்கணும், இன்னிக்கு மெஷின் விழுந்துடுச்சு, அறிக்கை தாமதமாகும்." அவ்வளவுதான். நம் தவற்றுக்கு அடுத்தவரைக் காக்க வைப்பது அநாகரிகம். இப்படிப்பட்ட மரியாதைகளெல்லாம் உங்கள் வாடகைக் கட்டடத்தில் இருக்காது.

(மேலே ஒருமைக்கு மாறிவிட்டேன் என்பதை இப்போதுதான் பார்த்தேன். அடித்துத் திருத்த மனமில்லை. போகட்டும்.)

உன் அக்கா நேற்று மாடிப்படியில் நான்கு படி ஏறினாள். பிறகு அரை மணி நேரம் பேசவில்லை. நான் பயந்துவிட்டேன். "பேசாம இருந்தா நிம்மதின்னு நெனச்சேன், அதுக்கும் பயமா?" என்றாள்.

அத்தான்


பிப்ரவரி 26, புதன்

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் எழுதிய மன்னிப்பு விஷயத்தை முதலில் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். இரண்டு நாள் கழித்து மின்கட்டுப்பாட்டு அறையில் ஒரு கூட்டம். அங்கே தலைமைப் பொறியாளர் இப்போதும் அதே ஆள்தான். உங்களுக்குத் தெரியும், அந்த இருமல்காரர். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். டீ குடிக்கும்போது சும்மா கேட்டேன்: "எங்க அத்தான் உங்களுக்குப் போன் போட்டு மன்னிப்பெல்லாம் கேப்பாராமே?"

"கேப்பாரு மேடம். அவர் வாயில மன்னிக்கணும்னு வந்துட்டா போதும், நான் மறுவார்த்தை பேசாம நெடுங்கம்பி லோடை இறக்கிடுவேன், தூரத்து ஊர்க் கம்பியெல்லாம் துண்டிச்சுடுவேன். மெஷினே படுத்துடுச்சுன்னா வர்றது சாதாரணப் புயலா இருக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதா? அஞ்சு தடவை. அஞ்சும் பேய்ப் புயல். ஒரு டிரான்ஸ்பார்மர்கூடப் போகல."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்ப யாரும் மன்னிப்பே கேக்கறதில்ல. அதனால நிம்மதியா இருக்கோம்."

புரிகிறதா அத்தான்? நீங்கள் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்ததாக நினைத்தீர்கள். அவர் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார். மூத்தவன் விழுவதுதான் மிகப் பெரிய புயலுக்கு நம்மிடம் இருந்த ஒரே மணி. அந்த மணியின் நாக்கைத்தான் நான் அறுத்திருக்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்ததும், நீங்கள் பார்த்த ஐந்து புயல்களில் கடைசிப் புயலின் அளவுகளைக் கிளவுடில் கொடுத்து ஓட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தடங்கலும் இல்லை. உள்ளே தேடிப் பார்த்தால் பதினொரு முறை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும், நான் சொல்லிக்கொடுத்தபடியே, உச்ச அளவுகளின் முனைகளை மழுக்கிக்கொண்டு, எண்களை மென்மையாக்கிக்கொண்டு எழுந்திருக்கிறது. பன்னிரண்டாம் முறை ஓடி முடித்து, அழகான வண்ணப்படத்தோடு அறிக்கை கொடுத்தது: "மிதமானது."

சோதனைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நாள்களெல்லாம் அமைதியான நாள்கள். பழைய கணினியும் புதியதும் இம்மி பிசகாமல் ஒத்துப்போனதற்குக் கைதட்டினோம். மூத்தவன் விழுந்த நாள்களில் பழைய கணினியிடம் ஒப்பிட விடையே இல்லையே, அதனால் அந்த நாள்களை ஒதுக்கிவிட்டோம்.

பழைய அறையில் 14ஆம் தேதியே மின் இணைப்பைப் பிடுங்கியாயிற்று. நாளை இயக்குநரிடம் போகிறேன்.

சின்னவள்


மார்ச் 4, செவ்வாய்க்கிழமை

சின்னவளுக்கு,

26ஆம் தேதிக் கடிதம் மார்ச் 1 அன்று வந்தது. மூன்று நாள் பதில் எழுதவில்லை. வேலை ஒன்றும் இல்லை. எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். "அப்போ முப்பது வருஷமா உங்க மெஷின் செஞ்சதவிட, அது கெட்டுப்போனதுதான் ஊருக்கு உதவியிருக்கு" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, காபி போடுங்க" என்றாள்.

இயக்குநர் என்ன சொன்னார்? எழுது.

கேட்கக் காரணம் இருக்கிறது. என் சிறிய தொலைநோக்கியால் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்துக் கரும்புள்ளிகளை வரைந்துவருவது உனக்குத் தெரியும். வேலையற்றவன் வேலை என்பாய். பிப்ரவரி 18 முதல் 24 வரை ஒரு கூட்டம் தெரிந்தது. முதல் நாள் கடுகளவு. கடைசி நாள், ஓரத்தில் மறையும்போது, என் சுண்டுவிரல் நகத்தளவு. இப்போது அது சூரியனின் மறுபக்கத்தில் இருக்கிறது. சூரியன் தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ இருபத்தேழு நாள். மார்ச் 10 வாக்கில் மறு ஓரத்தில் தலைகாட்டும். 17ஐ ஒட்டி நமக்கு நேர் எதிரே நிற்கும், புயலைக் கக்கினால் நம்மேல்தான். அதன்பின் ஒரு வாரம்தான் எனக்குப் பிடிக்காத வாரம்.

கலைந்துபோயிருக்கலாம். பல கலைந்துபோகும். ஆனால் வளர்ந்துகொண்டே போய் மறைந்ததை நான் பார்த்தேன்.

அத்தான்


மார்ச் 16, ஞாயிறு

அத்தானுக்கு,

கலையவில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு மடங்காகத் திரும்பி வந்திருக்கிறது.

இயக்குநரிடம் மூன்று முறை போனேன். மென்பொருள் விழுந்தால் விழுந்தபடியே கிடக்கட்டும், யாராவது ஒரு மனிதர் பார்க்கட்டும் என்று கேட்டேன். "ஏம்மா, விழாம இருக்கறதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்ணோம்? இப்ப விழ வைக்கணும்ங்கறீங்களா? இத நான் மேல எப்படிச் சொல்ல?" என்றார். புதிய அமைப்பை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு வரியும் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். அதை எழுதியவளே நான்தான். எவனாவது கைவைத்துக் கெடுத்துவிடுவான் என்று பயந்து எழுதினேன்.

இருமல்காரரிடமும் பேசினேன். "எனக்குப் புரியுது மேடம். ஆனா இப்ப தானா வர்ற அறிக்கைய வெச்சுத்தான் நடக்கணும்னு உத்தரவு. நீங்க போன் பண்ணி லோடை இறக்குன்னா, எழுத்துல கேக்கணும், நாலு கையெழுத்து வாங்கணும்" என்றார். கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "உங்க அத்தான் சார் பண்ணா வேற. பழக்க தோஷத்துல கை தானா போயிடுச்சுன்னு சொல்லிக்குவேன். எனக்கென்ன, ஒரு வருஷம்தானே" என்றார்.

சொல்லிவிட்டேன். இனி மீதியையும் சொல்லியாக வேண்டும். நெடுங்கம்பிகளில் முதலில் துண்டிப்பது மிக நீளமானதை, புயல் கிளப்பும் மின்னோட்டம் அதில்தான் அதிகம் பாயும். அது உங்கள் ஊர்க் கம்பி. துண்டித்தால் ஒரு நாளோ, புயல் ஓயாவிட்டால் அதற்கு மேலோ, அக்காவின் மெஷின் நிற்கும். துண்டிக்காமல் பெரிய டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டால் புதியது வர ஏழெட்டு மாதம். இரண்டு சிலிண்டரை வைத்துக்கொண்டு நீங்கள் எந்தக் கணக்கைப் போடுவீர்கள்? அவளை இங்கே அழைத்து வரலாம் என்றால், ஆறு மணி நேரப் பயணம் தாங்காது என்கிறார் டாக்டர்.

கூப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிடாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை.

ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். மூத்தவன் உள்ளே எத்தனை முறை விழுந்து எழுகிறான் என்பதை என் கைபேசிக்குச் சொல்லும்படி வைத்திருக்கிறேன். அது ஒப்பந்தத்தில் இல்லை. மூன்று முறைக்கு மேல் விழுந்தால் உங்கள் வீட்டுத் தொலைபேசியை மூன்று முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவேன். நீங்கள் எடுக்க வேண்டாம். உங்கள் கோபம் கோபமாகவே இருக்கட்டும். மணி மட்டும் கேட்டால் போதும்.

கூடுதல் சிலிண்டருக்குச் சொல்லியிருக்கிறேன். பத்து நாள் ஆகுமாம்.

சின்னவள்


மார்ச் 24, திங்கட்கிழமை, காலை

சின்னவளுக்கு,

தொலைபேசி நேற்று நண்பகலிலிருந்து வேலை செய்யவில்லை. கைபேசிக் கோபுரமும் மாலையில் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சர் தன் காரில் உங்கள் நகரத்துக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். வண்டி சூடாகும்வரைதான் எனக்கு நேரம். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது ஏழுக்கு உன் மணி அடித்தது. நல்ல வெயில். ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கணினியில் பார்த்தேன்: "மிதமானது", பச்சைக் கட்டத்தில். இரண்டாம் மணியில் எழுந்தேன். மூன்றாம் மணியில் எடுத்துவிட்டேன். உனக்கே தெரியும். நீ எதிர்பார்க்கவில்லை, மூச்சு வாங்கினாய். "அத்தான், விழுந்துடுச்சு. ஒன்பது தடவை." எழுபத்தொரு நாள் கழித்து நாம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

உன் அக்காவிடம் சொன்னேன். இரண்டு கணக்கையும் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தாள். "அந்தச் சத்தம் இல்லாம ஒரு நாளாவது தூங்கணும்னு இருந்துச்சு. போன் பண்ணுங்க" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். "பண்ணுங்கன்னு சொல்றேன்ல. வாசல்ல நிக்கிற கடன்காரன் மாதிரி நிக்கறீங்களே."

செய்தேன். இருமல்காரர்தான் எடுத்தார். "மன்னிக்கணும். மெஷின் விழுந்துடுச்சு. அறிக்கை தாமதமாகும்" என்றேன். பிறகு கேட்டார்: "சார், வீட்டம்மா அங்கதானே இருக்காங்க?" ஆமாம் என்றேன். "சரி சார்" என்றார்.

ஒன்பது முப்பத்தொன்றுக்கு ஆக்சிஜன் மெஷின் நின்றது. முதல் சிலிண்டரைப் பொருத்தினேன்.

பதினொன்றே முக்காலுக்கு ஒன்றும் நடக்கவில்லை, சின்னவளே. வானம் நீலமாகவே இருந்தது. தெருவில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன், உள்ளே அடுப்பில் எண்ணெய் காய்வதுபோல் ஒரு சத்தம். புயல் அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

வடக்குக் கம்பியை இறக்க அவருக்கு நேரம் போதவில்லையாம். நேற்று மாலை வந்த மின்வாரிய ஊழியர் சொன்னார். அங்கே பெரிய டிரான்ஸ்பார்மர் கொதித்து வெடித்துவிட்டது. நமது தப்பியது. ஆனால் புயல் இன்னும் ஓயவில்லை, அலை அலையாக வந்துகொண்டிருக்கிறது, இணைப்பு எப்போது தருவார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. இங்குள்ள மருத்துவமனையில் ஜெனரேட்டர் அறுவை அறைக்கு மட்டும்தான். பாதி காலியான சிலிண்டர் ஒன்று கொடுத்தார்கள். அதுவும் இப்போது பொருத்தியாயிற்று. அதுதான் மூன்றாவதும் கடைசியும். இதை எழுதத் தொடங்கியபோது முள் மஞ்சளில் இருந்தது. இப்போது சிவப்பின் ஓரத்தில்.

அக்கா தூங்குகிறாள். உதடு கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது. தூங்குவதற்கு முன், "சின்னவகிட்ட சொல்லுங்க, அவ மேல தப்பில்ல" என்றாள். பிறகு, "உங்க மேலயும் பெரிசா இல்ல" என்றாள்.

டீச்சர் ஒலிப்பானை அடிக்கிறார்.

ஜனவரி 11, சனிக்கிழமை, பிற்பகல், "இனி இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று உன்னிடம் சொன்னேன். மன்னித்துவிடு.

இதற்கு முன் ஆறு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். எல்லாம் மின்கட்டுப்பாட்டு அறைக்கு. இருமல்காரர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று உனக்குத் தெரியும். நீயும் அப்படியே எடுத்துக்கொள். மறுவார்த்தை பேசாதே. கிடைத்த சிலிண்டரோடு கிளம்பு.

உன் அத்தான்